ஒத்தக் கண்ணாடி

பொழுது விடிவதற்கும் அண்ணன் கதவைத் தட்டுவதற்கும் சரியாக இருந்தது. கடுகு கதவைத் திறந்தாள். "வா" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவனிடம் சொல்லி எத்தனையோ மாதமாகிவிட்டது. ஐந்து மாடி ஏறி வந்த மூச்சிரைப்போடு, மூடி போட்ட மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் நின்றான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மெக்கானிக் அவன், அவன் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் படுத்துக் கிடந்தது. குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் உதிரிப் பாகம் வாங்கித் தரவில்லையாம். கடுகுக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். ஏறட்டும், நன்றாக முட்டி தேயட்டும்.

கடுகு என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதில் ஏதாவது ஒன்று பிடிக்கவில்லை என்றால் எண்ணெயில் போட்ட கடுகாய்ப் படபடவென்று பொரிவாளாம், அதுவே நிலைத்துவிட்டது. வயது ஏறியும் பொரிவது நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லையைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற வேலை அவளுக்கு. அங்கே மட்டும் அவளுக்குப் பொறுமைசாலி என்று பேர். கண்ணாடி வில்லை பொய் சொல்லாது, அதனால் அதன் மேல் கோபம் வரவில்லை என்பதுதான் விஷயம்.

அம்மா செத்துப்போனதற்காக அவள் அண்ணன் மேல் கோபப்படவில்லை. வயதானால் எல்லாரும் போகத்தான் வேண்டும். போகப்போகிறாள் என்பதைத் தன்னிடம் சொல்லவில்லையே, அதற்குத்தான் கோபம். அப்போது அவள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தினமும் போன் பேசுவாள். "அம்மா எங்க?" என்பாள். "தூங்குறா" என்பான். "எப்பப் பாத்தாலும் என்ன தூக்கம்?" என்றால், "லேசாக் காய்ச்சல், மாத்திரை போட்டிருக்கா" என்பான். லேசான காய்ச்சலாம்! ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அதைச் சொல்லியிருக்கிறான். உண்மை சொல்ல ஒரு வழியாக அவன் போன் செய்தபோது, சொல்வதற்கு அம்மா மிச்சமில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்தான் இன்றைக்கும் அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. "சொன்னா நீ தாங்க மாட்ட. அழுதுக்கிட்டே தனியா வண்டி ஏறி வருவ. பாவம், எதுக்குன்னுதான்..."

பாவமாம். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற பாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டு பாவம் பார்க்கிறான்.

அதற்குப் பிறகு அவள் வேலையை மாற்றிக்கொண்டு வந்து, அம்மா இருந்த மேல்மாடி ஒற்றை அறை வீட்டிலேயே வீம்புக்குக் குடியேறினாள். தரைத்தளத்தில் அண்ணனும் அண்ணியும். அண்ணியோடு பேச்சு உண்டு. அண்ணனோடு கிடையாது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

தனியாக இருக்கிற வீட்டில் மூச்சு விடுகிற ஒரு ஜீவன் வேண்டும் என்று அவள் ஒரு வெள்ளை முயல் வாங்கினாள். "ஆண்தான், அடிச்சுச் சொல்றேன்" என்றான் கடைக்காரன். அடித்துச் சொன்ன ஆண் ஒருநாள் வயிற்று முடியைத் தானே பிடுங்கி மூலையில் மெத்தை போட்டு, ஏழு குட்டி போட்டது. கடுகு கடைக்காரனைக் கரித்துக் கொட்டினாள். பிறகு முயலுக்கு வெந்நீர் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அரைமணி நேரம் அடுப்புக்கும் மூலைக்கும் நடந்தாள்.

முதல் பிரசவம், பயந்த முயல். வாசலில் யாராவது செருப்பைத் தட்டினால்கூடத் துள்ளிக் குட்டிகள் மேலேயே குதித்தது. இரண்டு குட்டி நசுங்கிப் போயின. கால்நடை டாக்டர் விளக்கினார். முயல் நாள் முழுக்கக் குட்டியை அணைத்துக்கொண்டு கிடக்கிற ஜாதியில்லை. விடியற்காலை ஒரு தடவை வரும், குட்டிகளுக்கு மேலே நிற்கும், சில நிமிடத்தில் பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். "அந்த நேரத்துக்கு மட்டும் குட்டிப் பெட்டியத் தாய்கிட்ட வைங்க. குடிச்சதும் எடுத்திடுங்க. பகல்ல குளிர்ச்சியான இடத்துல இருக்கணும்."

குளிர்ச்சிக்கு எங்கே போவது? மேல்மாடி வீடு மதியமானால் அடுப்பு. ஜன்னல் கம்பியில் ஈரத்துணியைக் கட்டினால் அது போட்ட வேகத்தில் காய்ந்தது. அண்ணிதான் மேலே வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "கீழ எங்க வீட்ல வெயிலே எட்டாது. பகல்ல யாராவது ஒரு ஆள் இருப்போம். குட்டி, தாய் எல்லாத்தையும் கொண்டு வந்துரு."

"தாயை விட மாட்டேன் அண்ணி. எல்லாத்தையும் தூக்கிக் கொடுத்துட்டு நான் இங்க சுவத்தையா பாத்துக்கிட்டு இருப்பேன்?"

"அப்ப குட்டிய யார் தினமும் மேல தூக்கிட்டு வர்றது? எனக்கு ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது."

அடுத்த நாள் விடியலில் அண்ணன் பெட்டியோடு வந்து நின்றான். யார் சொன்னது, அவனே வந்தானா என்று அவள் கேட்கவில்லை. அப்படித்தான் இந்த ஏற்பாடு தொடங்கியது. தாய் ஒரு வீடு, குட்டிகள் ஒரு வீடு. நடுவில் பேசாத இரண்டு பேர்.

பேசாமல் காரியம் நடக்குமா? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முயல் மூலமாகப் பேசினார்கள்.

"பெட்டியில விரிச்ச துணி ஈரமா இருக்குன்னு சொல்லு" என்பாள் கடுகு, முயலின் காதைத் தடவிக்கொண்டே.

"மாத்திட்டுத்தான் கொண்டு வந்தேன். வழியில மூத்திரம் போயிருச்சுன்னு சொல்லு" என்பான் அவன், வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

முயல் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தன் மீசையை ஆட்டும். இந்த வீட்டிலேயே புத்தியுள்ள ஜீவன் அதுதான்.

குட்டிகள் கண் திறந்தன, முடி வளர்த்தன, பெட்டிக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. நாலு குட்டி சுத்த வெள்ளை. ஒன்றுக்கு மட்டும் ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், ஒற்றை வில்லை உள்ள மூக்குக் கண்ணாடி மாட்டிய மாதிரி. கடுகு அதற்கு ஒத்தக் கண்ணாடி என்று பேர் வைத்தாள். அவளுடைய செல்லம் அதுதான். பெட்டியின் மூடியைத் திறந்ததும் முதலில் வெளியே குதிப்பதும் அதுதான். பால் குடித்துவிட்டு அவள் கால் விரலை முகர்ந்து பார்க்கும்.

பால் மறக்கடிக்கிற பருவம் வந்தது. டாக்டர் இந்த இடத்தில்தான் கண்டிப்பாகப் பேசியிருந்தார். "பாலும் குறையும், வாயும் எதையாவது தேடும். இப்பத்தான் ஆபத்து. காஞ்ச புல், தண்ணி, கொஞ்சம் முயல் தீவனம். இத்தோட நிறுத்திக்குங்க. பிரியத்துல எதையாவது கொடுத்தீங்கன்னா கழிச்சல் பிடிச்சு ஒரே நாள்ல போயிரும்." கடுகு இதை முயலிடம் நாலு தடவை சொன்னாள், வாசல்படியில் இருக்கிறவன் காதில் விழுகிற மாதிரி.

அன்றைக்கு விடியலில் அவன் வழக்கம்போல வந்தான், பெட்டியை வைத்தான். வாசல்படியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். மூடியைத் திறந்ததும் நாலு வெள்ளைக் குட்டிகளும் ஓடிப்போய்த் தாயின் வயிற்றுக்கடியில் முட்டின. ஒத்தக் கண்ணாடி மட்டும் பெட்டியின் ஓரத்திலேயே ஒடுங்கிக் கிடந்தது. கடுகு எடுத்துத் தாயின் பக்கத்தில் விட்டாள். அதற்கு எங்கே முட்டுவதென்றே தெரியவில்லை. பின்னால் நகர்ந்து, தட்டிலிருந்த புல்லைக் கொறித்தது.

தாய் முயல் திரும்பி அதை முகர்ந்தது. கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அதன் முகத்தை நக்கத் தொடங்கியது. நக்க நக்க முயலின் வெள்ளை மூக்கு கறுத்தது.

கடுகு குனிந்து பார்த்தாள். குட்டியின் கண்ணோரத்தில் விரலை வைத்து இழுத்தாள். கறுப்பு வளையம் விரலோடு வந்துவிட்டது. முகர்ந்தாள். எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை. அண்ணி தினமும் கண்ணுக்கு இடுகிற மை.

"இது எது?" என்றாள். முயலைப் பார்த்து அல்ல, அவனைப் பார்த்து.

"எது?"

"இந்தக் குட்டி."

"ஒத்தக் கண்ணாடிதான்."

அவள் விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவன் விரலைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். லிஃப்டின் எஃகுக் கயிறு அறுந்தால்கூட நிதானமாக நிற்கிற ஆள், கையும் களவுமாகப் பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பையன்போல முழித்தான்.

"ஒத்தக் கண்ணாடி எங்க?"

"செத்துப்போச்சு."

"எப்ப?"

"நேத்திக்கு."

"எதனால?"

"அது ஒண்ணுதான் என் கையில வந்து ஏறும். டீ குடிக்கும்போது பிஸ்கட்டை எட்டி எட்டிப் பாக்கும். துணுக்கு துணுக்காத்தான் கொடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு கழிச்சல் பிடிச்சு..."

"டாக்டர் சொன்னதை நாலு தடவை சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"சரி, தெரியாம கொடுத்துட்ட. செத்துப்போச்சு. என்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன? வாய் இருக்குல்ல? கடைக்குப் போய் ஒரு குட்டியத் தேடிப் பிடிச்சு, அதுக்கு உக்காந்து மை பூசிக் கொண்டு வர்றதுக்கு நேரம் இருந்துச்சுல்ல?"

"நீ அழுவேன்னுதான் கடுகு..."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது.

"நான் அழுதா உனக்கு என்ன நட்டம்? உன் வீட்டுத் தண்ணியா குறையுது? நான் அழக் கூடாதுன்னு எவன் உனக்கு எழுதிக் கொடுத்தான்? எது என் காதுல விழலாம், எது விழக் கூடாதுன்னு நீ யாரு வாசல்ல நின்னு வடிகட்டுறதுக்கு? அம்மாவையும் இப்படித்தான் மூடி வெச்ச. விட்டிருந்தா அவ கட்டில்லயும் எவளையாவது மை பூசிப் படுக்க வெச்சு, இந்தா அம்மா, தூங்குறா பாருன்னு சொல்லியிருப்ப! என் தலையில மிளகாய் அரைச்சது போதும். போ. கீழ போ. என் கண்ணு முன்னாடி நிக்காத!"

எதிர்வீட்டுக் கதவு திறந்து, கேட்டுவிட்டு, மூடிக்கொண்டது. அவன் பெட்டியை எடுக்கக் கை நீட்டினான். "அத விடு" என்று கத்தினாள். அவன் படியிறங்கினான்.

கோபம் என்னவோ நியாயமானதுதான். ஆனால் கோபம் வெயிலைத் தடுக்குமா? கடைக்குக் கிளம்புகிற நேரத்துக்குள் அறை கொதிக்கத் தொடங்கியது. குட்டிகள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்தன. இவனிடமே இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அண்ணிக்குப் போன் செய்தாள். அண்ணி மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"மை உங்களதுதானே அண்ணி?"

"டப்பாவக் காணோம்னு நேத்து ராத்திரியெல்லாம் தேடினேன். இதுக்குத்தான்னு தெரிஞ்சா கையை ஒடிச்சிருப்பேன்" என்றாள் அண்ணி. அவள் முகத்தைப் பார்த்தால் உண்மைதான் என்று பட்டது.

"அந்த ஆளுகிட்ட சொல்லுங்க. இனிமே எது நடந்தாலும் எனக்குத் தெரியணும். செத்த பிறகு இல்ல. சாகுறதுக்கு முன்னாடி தெரியணும்."

அண்ணி தலையாட்டினாள். கடுகே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணியோடு இறங்கி, கீழ்வீட்டு வாசலில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் கடைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு விடியலில் கதவு தட்டப்படும், திறந்தால் பெட்டி மட்டும் இருக்கும். அவன் ஒரு படி கீழே, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். முயல் மூலமாகப் பேசுவதும் நின்றுபோனது.

கடையிலிருந்து வந்த குட்டிக்கு அவள் போலி என்று பேர் வைத்தாள். முதல் நாள் அதைத் தொடவே இல்லை. அது என்ன பாவம் செய்தது என்று மறுநாள் தோன்றியது. எந்தத் தாயிடமிருந்தோ பால் மறப்பதற்கு முன்பே பிடுங்கி, கூண்டில் அடைத்து விற்ற குட்டி. போதாக்குறைக்கு இவன் வேறு மை பூசினான். ஒரு விடியலில் போலி மற்றக் குட்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தானும் தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்தது. தாய் முயல் உதைக்கவில்லை. "உனக்கு வித்தியாசமே தெரியாதா?" என்று கடுகு முயலைத் திட்டினாள். திட்டிக்கொண்டே, போலி குடித்து முடிக்கும்வரை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அது தேறவில்லை. மற்றவை கொழுகொழுவென்று வளர, இதன் முதுகெலும்பு மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது.

ஒருநாள் கடையில் ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு வில்லை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணன். அவன் அவளுக்குக் கடைசியாகப் போன் செய்தது அம்மா இறந்த அன்றைக்கு. எடுக்க வேண்டாம் என்று நினைத்தாள், எடுத்துவிட்டாள்.

"கடுகு."

"என்ன?"

"போலி படுத்துருச்சு. காலையில நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப கழிச்சல். நான் எதுவும் கொடுக்கல, சத்தியமா எதுவும் கொடுக்கல. டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போனேன். ஊசி போட்டாரு. பொழைக்கிறது கஷ்டம்னுட்டாரு. இன்னும் உயிர் இருக்கு. கிளம்பி வா. வந்தா அழுவ. பரவாயில்ல. வா."

முதலாளி மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "முயலுக்காகவா லீவு கேக்குற?"

"முயலுக்காகத்தான். மனுஷிக்காகப் போக வேண்டிய நேரத்துல என்னை யாரும் கூப்பிடல."

பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. கடுகு டிரைவரை வைதாள், முன்னால் ஊர்ந்த லாரியை வைதாள், நிறுத்தத்தில் சாவகாசமாக ஏறியவர்களை வைதாள். எல்லாம் வாய்க்குள்ளேதான். நடுவில் ஒரு நினைப்பு வந்து அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்காக இப்படி ஒரு பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். இப்படிப் பதறியிருக்க வேண்டும். வழியெல்லாம் அழுதிருக்க வேண்டும். அதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டியது. அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டான்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அம்மா போன பிறகு அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை. இப்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான், வேலை உடுப்போடு, இடுப்பில் திருப்புளிகளும் சாவிகளும் தொங்கியபடி. மடியில் ஒரு துண்டு. துண்டுக்குள் போலி. அண்ணி பக்கத்தில் சொட்டு மருந்துக் குப்பியோடு இருந்தாள்.

"வந்துட்டியா" என்றான். துண்டோடு எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

எடையே இல்லை. கண் பாதி மூடியிருந்தது. விலா ஏறி இறங்கிற்று, நின்றது, மறுபடி ஏறிற்று. கடுகு அதன் காதுகளுக்கு நடுவில் ஒரு விரலால் தடவினாள். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு விலா மறுபடி ஏறவில்லை.

அவள் அழுதாள். கடையில் வாங்கி, மை பூசி, ஏமாற்றுவதற்காகக் கொண்டுவந்த ஒரு குட்டிக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரிந்தது. அண்ணன் அவளை அழாதே என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தான், மூடிக்கொண்டான்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் நிமிர்ந்தாள். இத்தனை மாதமும் அவனிடம் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் அவன் பொய் சொல்வான். சொன்னது பொய்யா நிஜமா என்று சாகும்வரை தெரியாமல் போகும். அந்தப் பயத்தில் கேட்காமலே வைத்திருந்தாள்.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

அண்ணி குப்பியைக் கீழே வைத்தாள்.

"கேட்டா" என்றான் அண்ணன். "ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னிலேர்ந்து கேட்டா. கடைசியில வேற பேச்சே இல்ல. கதவு சத்தம் கேட்டா, கடுகான்னு கேப்பா. நீ வண்டி ஏறிட்டன்னு சொன்னேன். கிட்ட வந்துட்டன்னு சொன்னேன். உன்கிட்ட ஒரு பொய், அவகிட்ட ஒரு பொய்."

கடுகு துண்டைத் தரையில் மெதுவாக வைத்தாள். பிறகு அவனை அடித்தாள். தோளில், நெஞ்சில், கையில், எங்கே விழுகிறதென்று பார்க்காமல் இரண்டு கையாலும் அடித்தாள். இடுப்புச் சாவிகள் குலுங்கின. அவன் கையைத் தூக்கவில்லை, நகரவில்லை. அண்ணி எழுந்திருக்கவில்லை. கை ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது கடுகுக்கு மூச்சு இரைத்தது.

"அவ பேசினது இன்னும் இருக்கு" என்றான் அவன். "சொல்லட்டுமா? வேணாமா?"

"சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு" என்றாள் கடுகு. "நான் செத்தாலும் பரவாயில்ல, நடுவுல நிறுத்தாத."